வெள்ளையடித்த காம்பரா

விஜயலெட்சுமி சுவரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை, மலையில் வேலை இல்லை. தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டித் தேய்ந்துபோன பழைய கத்தி ஒன்றின் முதுகால் சுவரை மேலிருந்து கீழாகச் சுரண்டினாள். அடுப்புப் புகை வருஷக்கணக்காகத் தார் போலப் படிந்து கிடந்தது. அதற்கு மேல் பழைய பத்திரிகைத் தாள், தாளுக்கு மேல் மறுபடி புகை. இழுக்க இழுக்கப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. முக்காடு போட்டிருந்தும் புருவமெல்லாம் கரி.

பக்கத்துக் காம்பராப் பெரியாயி வெற்றிலையை மென்றபடி வந்து வாசலில் நின்றாள். அவளுக்கு அடுத்தவர் வீட்டில் என்ன நடக்கிறது என்று பார்க்காமல் ஒரு நாளும் வெற்றிலை செரிக்காது.

"என்னாடி விஜயா, செவுத்தோட சண்டையா?"

"வெள்ளையடிக்கப் போறேன்க்கா."

"தோட்டத்து செவுத்துக்கு நீ ஏன்டி வெள்ளையடிக்கிற? தொரை ஒனக்கு அதுக்கு ஒரு நாள் பேரு போட்டு சம்பளம் தருவாரா?"

"குடியிருக்கிறது நாந்தானேக்கா."

பெரியாயி எச்சிலை வாசலுக்கு முன்னால் தண்ணீர் ஓடும் கானில் துப்பிவிட்டுச் சிரித்தாள். "சரிதான். கல்யாண வீடு மாதிரி ஆக்கிட்டுக் கூப்புடு, வந்து பாக்குறேன்."

நமுனுகுல மலைச்சரிவில் அந்த லயம் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகக் கிடந்தது. விஜயலெட்சுமிக்கு மூன்றாவது காம்பரா. ஓர் அறை, அதன் பின்னால் ஒரு குசினி, முன்னால் இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு இஸ்தோப்பு. அவளுடைய அம்மா செத்ததும் அங்கேதான், அவள் புருஷன் மாலை போட்டு வந்து நின்றதும் அங்கேதான். அவன் கொழும்பில் கட்டட வேலைக்குப் போய்ச் சாரத்திலிருந்து விழுந்து செத்த பிறகு, அவளும் மகள் லக்ஷனாவும் மட்டும்.

லக்ஷனா பதுளையில் உயர்தரம் படிக்கிறாள். இந்தச் சுரண்டலுக்கெல்லாம் காரணம் அவள்தான். ஒரு நாள் அவளோடு படிக்கும் பிள்ளைகள் போனில் பேசினார்கள். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டிருக்க வேண்டும். "இப்ப வராதீங்கடி, எங்க வீட்டுல ரிப்பேர் வேலை நடக்குது," என்றாள் லக்ஷனா. குசினியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த விஜயலெட்சுமிக்கு அது சுருக்கென்று தைத்தது. மகளைத் திட்ட வாய் வரவில்லை. அவள் பொய் சொன்னது தன்னைக் குறித்தல்ல, அந்தச் சுவரைக் குறித்துத்தான் என்று தேற்றிக்கொண்டாள். பொய்யை உண்மையாக்கிவிட்டால் போகிறது என்று அன்றைக்கே தீர்மானித்துவிட்டாள்.

அம்மா சுவரைச் சுரண்டத் தொடங்கியதும் மகளுக்கு வெட்கம் வந்தது, அப்புறம் உற்சாகம் வந்தது. கொஞ்சக் காசில் வீட்டை ஸ்டைலாக மாற்றுவது எப்படி என்று போனில் ஒரு பெண் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள். தாயும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள்.

"இந்த லைட்டு கூடு ரொம்ப மலிவாம்மா."

"அவ சொல்ற மலிவு நமக்கு ஒரு மாசச் சம்பளம்டி. கூடுதானே வேணும்? நம்மகிட்ட கூடை இருக்கே."

அப்படித்தான் எல்லாம் நடந்தது. இப்போது கொழுந்துக்குப் பை கொடுக்கிறார்கள். அவளுடைய பழைய மூங்கில் கூடை எலி குட்டி போட்டுக் கிடந்தது. அதைக் கழுவி, அடியை வெட்டி, கவிழ்த்து விளக்கைச் சுற்றித் தொங்கவிட்டாள். ஸ்விட்சைப் போட்டதும் கூடைப் பின்னலின் நிழல் சுவர் முழுக்கக் கோலம் போட்டது. சுண்ணாம்பில் ஒரு சிட்டிகை நீலம் கலந்து மேலே அடித்தாள். கீழே, கால் படும் உயரத்துக்கு, செம்மண்ணைப் பசையோடு குழைத்துப் பூசினாள். கவ்வாத்து மலையில் விறகுக்குக் கிடக்கும் மிலாற்றுக் குச்சிகளில் நேரானவற்றைப் பொறுக்கித் தோலுரித்து, திரை மாட்டத் தண்டும் புத்தகம் வைக்கத் தட்டும் கட்டினாள். அம்மாவின் கைத்தறிச் சேலை இரண்டும் திரைகளாயின. கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்த வெட்டுத் துண்டுகளை நிறம் பார்த்து அடுக்கித் தைத்துக் கட்டிலுக்கு விரிப்பு போட்டாள். அதற்கு ஒரு மழைக்காலமே போனது. தரைக்குச் சிவப்பு பொலிஷ் போட்டு, தேங்காய் மட்டையால் முழங்கால் தேயத் தேய்த்தாள். பால்மா டின்களில் கயிறு சுற்றி, ஓடைக்கரையில் சும்மா முளைக்கும் பெரணிச்செடிகளைக் கொண்டுவந்து வைத்தாள்.

அவளுக்கு அந்தக் கண் எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. எதை வைப்பது என்பதைவிட எதை எடுப்பது என்பது அவளுக்குப் பிடிபட்டது. சுவரெல்லாம் நிறைந்திருந்த கலண்டர் சாமிகளை இறக்கி, ஒரே ஒரு முருகனை மட்டும் மூலையில் விட்டாள்.

"சாமியெல்லாம் எங்கடி?" என்று பெரியாயி பதறினாள்.

"பெட்டிக்குள்ள படுத்திருக்காங்கக்கா. இவ்வளவு காலம் நின்னுகிட்டே இருந்தாங்கல்ல."

பெரியாயி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ஆனாலும் உள்ளே வந்தவள் திரும்பிப் போக மனமில்லாமல் தரையைத் தடவிப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். லயத்தில் ஒவ்வொருவராக வந்து எட்டிப் பார்த்தார்கள். லக்ஷனாவின் சிநேகிதிகள் வந்தார்கள், போட்டோ எடுத்துத் தள்ளினார்கள். அன்று மகள் முகத்தில் கண்ட பூரிப்புக்காக விஜயலெட்சுமி இன்னும் பத்து சுவரைச் சுரண்டியிருப்பாள்.

அந்தச் சமயத்தில்தான் தம்பி ஜெயரூபன் வந்தான். அம்மா செத்தபோது சின்னப் பையன். காலையில் அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பிள்ளை மடுவத்து ஆயாவிடம் விட்டு மலைக்கு ஓடியதெல்லாம் விஜயலெட்சுமிதான். மீசை அரும்பும் முன்னமே தோட்டத்தை விட்டு ஓடினான். கொழும்பில் கடையில் நின்றான், சுற்றுலா ஊரான எல்லவில் ஹோட்டலில் நின்றான், இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு அருவி அருவியாகச் சுற்றுவதில் இங்கிலீஷ் சரளமாக வந்துவிட்டது. எல்லவில் ஒரு கடைக்குப் பின்னால் வாடகை அறையில் அவனும் மனைவி கம்சலாவும் குடியிருந்தார்கள்.

ஆட்டோவில் ஒரு வெள்ளைக்காரப் பையனும் பெண்ணும். பஸறைப் பாதையில் அடைமழை பிடித்துக்கொண்டது, அக்கா வீட்டில் ஒரு தேத்தண்ணி குடிக்க வைக்கலாம் என்று கொண்டுவந்துவிட்டான். வாசலில் சப்பாத்தைக் கழற்றிய அந்தப் பெண் உள்ளே நுழைந்ததும் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். கூடை விளக்கை அண்ணாந்து பார்த்தாள். விரிப்பைத் தொட்டாள். என்னென்னவோ சொன்னாள்.

"என்னாடா சொல்றாங்க?"

 ஜெயரூபனும் அப்போதுதான் அந்த அறையை முதன்முறையாகப் பார்ப்பவன் போலச் சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டிருந்தான். அவர்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டு அன்றைக்கே திரும்பி வந்தான்.

"அக்கா, எல்லவுல ஓட்டல்காரன் லச்சக்கணக்குல கொட்டி இப்பிடி ஒரு ரூம் கட்டப் பாக்குறான், வரல. நீ மிலாத்துக் குச்சியில கட்டி வச்சிருக்க. ஒனக்கு ஒன் கையோட அரும தெரியல."

யாரும் அவளிடம் அப்படிச் சொன்னதில்லை. இருபது வருஷத்துக்கு மேல் கொழுந்து எடுத்த கைகள். "கொழுந்து ஏன் கொறையுது?" என்றுதான் அந்தக் கைகளைப் பார்த்துக் கேட்டிருக்கிறார்கள். தம்பியின் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததும் அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

பிறகு வாரம் ஒரு ஆட்டோ, இரண்டு ஆட்டோ என்று வந்தார்கள். தேத்தண்ணி, ரொட்டி, கட்டச் சம்பல். சிலர் ஓர் இரவு தங்கிப்போனார்கள். அன்றைக்குத் தாயும் மகளும் குசினியில் பாய் போட்டுக்கொண்டார்கள். கையில் நாலு காசு புரண்டது. ஆனால் ஆள் வருகிற நாளெல்லாம் மலைக்குப் போக முடியவில்லை. கணக்கப்பிள்ளை சுந்தரலிங்கம் முறைக்க ஆரம்பித்தார். தோட்டத்தில் அது பெரிய விஷயம். காம்பரா யாருக்கும் சொந்தமில்லை. ஒரு காம்பராவிலிருந்து ஓர் ஆளாவது பேர் பதிந்து காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு நிற்கவேண்டும். நிற்கும் வரைக்கும் கூரை. 

அதற்கும் ஜெயரூபன் வழி வைத்திருந்தான்.

"ஒம் பேர கம்சலாவுக்கு மாத்திக் குடுத்துடுக்கா. அவ மலைக்குப் போகட்டும். நீ வீட்ட பாத்துக்க. காம்பராவுலேருந்து ஒரு ஆள் பெரட்டுக்கு நின்னா தோட்டத்துக்குப் போதும்."

"அவளுக்குக் கொழுந்தெடுக்கத் தெரியுமாடா?"

"அவ அம்மாகூட ஹாலிஎல தோட்டத்துல எடுத்தவதானே. வெளியாளா என்ன? நம்ம கம்சலா."

கம்சலா பக்கத்தில் நின்று, "நீங்க இனிமே அட்டை கடியெல்லாம் பட வேணாம் மதினி. நான் பாத்துக்கிறேன்," என்றாள். அவள் குரலில் இருந்த இனிப்பில் விஜயலெட்சுமி கரைந்துவிட்டாள். தோட்டத்தில் பேர் மாற்றிக் கொடுப்பது புதிதும் அல்ல. தாய் மகளுக்குக் கொடுப்பாள், மாமியார் மருமகளுக்குக் கொடுப்பாள். ஒரே அடுப்பில் சாப்பிடுகிறவர்களுக்குள் யாருடைய பேர் இருந்தால் என்ன? அவள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினாள்.

மறுநாள் காலை பெரட்டுக்களத்தில் பனிமூட்டம் விலகவில்லை. பெண்கள் இடுப்பைச் சுற்றிப் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, பையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கும்பல் கும்பலாக நின்றார்கள். விஜயலெட்சுமி நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு கம்சலாவைக் கையைப் பிடித்து முன்னால் கூட்டிவந்தாள்.

"ஐயா, எனக்குப் பதிலா இனி என் தம்பி பொஞ்சாதி வருவா. எம்பேர எடுத்துட்டு அவ பேர போட்டுக்குங்க."

சுந்தரலிங்கம் கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "நல்லா யோசிச்சுத்தான் சொல்றியா விஜயலெட்சுமி? பேரு போனா திரும்பி வராது."

"யோசிக்க என்னாங்கய்யா இருக்கு? எங்க வீட்டு ஆளுதானே."

"அட, விஜயா தொரசாணி ஆயிட்டாடி," என்று யாரோ பின்னாலிருந்து கூவ, எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். திரும்பி நடக்கும்போது தலையில் பை இல்லாததால் கழுத்து தானாக நிமிர்ந்தது. அத்தனை லேசாக அவள் அந்தப் பாதையில் ஒரு நாளும் நடந்ததில்லை.

கம்சலா தினமும் எல்லவிலிருந்து பஸ் ஏறி வருவது கஷ்டம் என்றார்கள். சரி, இங்கேயே இரு என்றாள் விஜயலெட்சுமி. கம்சலாவின் பெட்டி வந்தது, பிறகு தையல் மெஷின் வந்தது, பிறகு ஜெயரூபனே வந்துவிட்டான். லக்ஷனாவின் புத்தகங்கள் மிலாற்றுத் தட்டிலிருந்து குசினிக்கு இடம் மாறின. அங்கே புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்தாள். ஒரு நாள் விருந்தாளிகள் போன பிறகு அம்மாவிடம் வந்து நின்றாள். முகம் சிவந்திருந்தது.

"மாமா இங்கிலீஷ்ல என்னா சொன்னாருன்னு ஒனக்குத் தெரியுமாம்மா? இது கம்சலா அத்தை வீடாம். இதெல்லாம் அத்தை செஞ்சதாம். அந்த விரிப்பைக்கூட அத்தை தைச்சதாம்."

"வியாபாரத்துக்கு என்னமாச்சும் சொல்லுவான்டி. பொஞ்சாதி செஞ்சதுன்னா அவனுக்கும் பெருமதானே."

"நீ செஞ்சதுன்னு சொன்னா வியாபாரம் நடக்காதாம்மா?"

விஜயலெட்சுமி வெங்காயம் வெட்டுவதில் மும்முரமாகிவிட்டாள். கேட்ட கேள்வி நியாயம் என்று உள்ளுக்குள் தெரிந்தது. ஆனால் தூக்கி வளர்த்த பிள்ளையைச் சந்தேகப்படுவதற்கு அவளுக்குப் பழக்கமில்லை. 

வெயில்காலம் தொடங்கியதும் ஒரு மத்தியானம் சின்ன தொரையின் ஜீப் லயத்து வாசலில் வந்து நின்றது. தோட்டத்துச் சின்ன தொரை லயத்துக்கு வருவதென்றால் சாவு வீடு, இல்லாவிட்டால் சண்டை. ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். ஜெயரூபன் ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டான். இருவரும் காம்பராவைச் சுற்றிப் பார்த்தார்கள், பக்கத்துச் சுவரைத் தட்டிப் பார்த்தார்கள், இங்கிலீஷில் பேசினார்கள். விஜயலெட்சுமி தேத்தண்ணித் தட்டோடு நின்றாள். சின்ன தொரை ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

ஜீப் போனதும் ஜெயரூபன் இஸ்தோப்பில் உட்கார்ந்து செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டே பேசினான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"தோட்டமே இத டூரிஸ்ட் எடமா ஆக்கப் போகுதுக்கா. நம்ம காம்பராதான் மொதல்ல. கக்கூஸ் கட்டித் தருவாங்க, கூரை மாத்துவாங்க. நடத்துற பொறுப்பு எனக்கு."

"நல்லதுதானேடா."

"உள்ள ஆள் நெறைய இருந்தா வர்றவங்களுக்குச் சரிப்படாது. அதனால நீயும் லக்ஷனாவும் கீழ் லயத்துல ஒரு காம்பராவுல இருங்க. தொரை தர்றேன்னுட்டாரு."

கீழ் லயம் எது என்று அவளுக்குத் தெரியாதா? போன மழையில் பின்பக்க மண் இறங்கி, சுவரில் கை நுழையும் அளவு வெடிப்பு விழுந்து, இருந்த குடும்பங்களையெல்லாம் கோயில் மண்டபத்துக்குக் கொண்டுபோய் வைத்த லயம். இப்போது அங்கே ஆடு கட்டுகிறார்கள்.

"வெளையாடுறியா? வயசுப் புள்ளைய வச்சுக்கிட்டு நான் அங்க போகவா? இது என் காம்பராடா. நான் போக மாட்டேன். வேணும்னா நீ போ."

ஜெயரூபன் செருப்பைக் கீழே வைத்தான்.

"இப்ப இது கம்சலா பேருல இருக்குக்கா."

அவன் சத்தம் போடவில்லை. கடையில் சாமான் இல்லை என்று சொல்வது போலத்தான் சொன்னான். விஜயலெட்சுமிக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. அன்று மலைக்குப் போகாத கம்சலாவின் தையல் மெஷின் உள்ளே ஓடிக்கொண்டிருந்தது; அது நின்றது. நின்று, கொஞ்சம் பொறுத்து, மறுபடி ஓடியது. அவளும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள் என்பது அப்போதுதான் விஜயலெட்சுமிக்கு உறைத்தது.

அவள் நேரே பெரட்டுக்களத்துக்குப் போனாள். கொழுந்து நிறுத்து முடித்துச் சுந்தரலிங்கம் புறப்படத் தயாராக நின்றார்.

"ஐயா, எம்பேர திருப்பிப் போடுங்க. நான் நாளைக்கே மலைக்கு வர்றேன்."

"அதெப்படி? நீயே வந்து சொன்ன. இந்தக் களமே கேட்டுச்சு. நல்லா யோசிச்சியான்னு நான் கேக்கல?"

"எங்க வீட்டு ஆளுன்னு நம்பித்தானேய்யா சொன்னேன். இவன் இப்பிடிச் செய்வான்னு எனக்கென்ன தெரியும்?"

சுந்தரலிங்கம் கெட்ட மனிதர் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார். "ஒனக்கு நெசமாவே தெரியாதா? ஒன் தம்பி தைப்பொங்கலுக்கு முந்தியே வந்து சின்ன தொரைய பாத்துட்டானே. 'அது ஒங்க அக்கா பேருல இருக்கு, ஒன் பொஞ்சாதி பேருக்கு மாறட்டும், அப்புறம் பேசலாம்'னு தொரை சொன்னாரு. நான் பக்கத்துலதான் நின்னேன். ஒனக்குத் தெரிஞ்சு நடக்குதுன்னுல்ல நெனச்சேன்."

தைப்பொங்கலுக்கு முந்தி. அவள் எண்ணிப் பார்த்தாள். பெரட்டுக்களத்தில் அவள் பேர் கொடுத்தது மாசியில். பொங்கலன்று அவன் அவளுக்குச் சேலை கொண்டுவந்தான். அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டுதான் இதே இடத்தில் வந்து நின்று, கம்சலாவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாரும் கேட்கத் தன் பேரை எடுக்கச் சொன்னாள். அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. அவன் ஏமாற்றியதைவிட, தன் வாயாலேயே சொல்லவைத்தானே என்பதைத்தான் தாங்க முடியவில்லை.

"கைக்காசுக்கு வேணும்னா வா," என்றார் சுந்தரலிங்கம். "எடுத்த கொழுந்துக்கு அன்னன்னைக்குக் காசு. பேரு கெடையாது. புதுசா ஆள் பதியுறத நிறுத்திட்டாங்க."

தொழிற்சங்கத் தலைவர் தம்பையா வீட்டுக்கும் போனாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "தோட்டம் ஒன்ன வெரட்டுனா நான் கொடி புடிப்பேன். தம்பி வெரட்டுனா சங்கம் என்னாம்மா பண்ணும்? அது குடும்ப விவகாரம்." கையைக் கழுவிவிட்டு, அந்த டூரிஸ்ட் வேலையில் தன் மகனுக்கும் ஓர் இடம் கேட்டிருப்பதாக அவரே சொன்னார்.

அவள் லயத்துக்குத் திரும்பியபோது ஜெயரூபன் ஆட்டோவைத் துடைத்துக்கொண்டிருந்தான். அவள் அவன் சட்டையைப் பிடித்தாள். லயம் முழுக்க வெளியே வந்துவிட்டது.

"ஒன்ன இந்த இடுப்புல தூக்குனேன்டா. எம்புள்ளைக்கு முந்தி நீதான்டா எனக்குப் புள்ள. ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் பாதி குடுத்திருக்க மாட்டேனா?"

அவன் அவள் கையை விலக்கவில்லை. கண் மட்டும் கலங்கியது, அல்லது அவளுக்கு அப்படித் தோன்றியது.

"அம்மா செத்தப்ப காம்பரா ஒனக்கு வந்துச்சு. நானும் இதுலதான் பொறந்தேன். பேரு போடுற வயசு இல்லேன்னு எனக்கு ஒன்னும் இல்லேன்னாங்க. நான் கேட்டேனா? கடையில மேசைக்குக் கீழ படுத்தேன், ஓட்டல்ல படிக்கட்டுக்குக் கீழ படுத்தேன். எனக்கும் ஒரு எடம் வேணாமாக்கா?"

"எம்புள்ளைய வெடிச்ச செவுத்துக்குக் கீழ படுக்க வச்சுத்தான் ஒனக்கு எடமா?"

 அவன் திரும்பி ஆட்டோவைத் துடைத்தான்.

பெரியாயி அவளை உள்ளே கூட்டிப்போய்த் தண்ணீர் கொடுத்தாள். என் காம்பராவில் வந்து இரு என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் அங்கே ஏற்கெனவே இரண்டு மருமகள்களும் பேரப்பிள்ளைகளும் நெருக்கியடித்துக் கிடந்தார்கள். பெரியாயி விஜயலெட்சுமியின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

சாமான் எடுக்கப் போனபோது கம்சலா வாசலில் நின்றாள். சட்டி பானை, பாய், உடுப்பு எல்லாம் எடுத்துக்கொள்ளச் சொன்னாள். விஜயலெட்சுமி விரிப்பை மடிக்கப் போனதும் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள்.

"அது இருக்கட்டும் மதினி. போட்டோவுல பாத்துட்டுத்தான் வர்றாங்க. அதுல உள்ள மாதிரியே இருக்கணும்ல."

"இது என் துணிடி."

"நீங்க வேற ஒன்னு தைச்சுக்குங்க. ஒங்களுக்குத்தான் கை வருதே."

லக்ஷனா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். "விடும்மா. வா," என்றாள். அவள் அழவில்லை. புத்தகங்களை உரச்சாக்கில் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். விஜயலெட்சுமி பெட்டியிலிருந்த கலண்டர் சாமிகளை மட்டும் எடுத்துக்கொண்டாள். அதை யாரும் தடுக்கவில்லை.

கீழ் லயத்தில் ஆட்டுப் புழுக்கையைக் கூட்டித் தள்ளி, வெடிப்பில் சாக்கைத் திணித்துக் குடியேறினார்கள். சுவர் அங்கேயும் கரிதான். விஜயலெட்சுமி அதைத் தொடவில்லை. மழை பெய்யும் நாளில் லக்ஷனா பதுளையிலேயே ஒரு சிநேகிதி வீட்டில் தங்கிக்கொள்ளத் தொடங்கினாள். எந்தக் காரணம் சொல்லித் தங்குகிறாள் என்று அம்மா கேட்கவில்லை.

ஐப்பசி மழை. கைக்காசுக்கு எடுத்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, விஜயலெட்சுமி மேல் லயத்து வழியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். வேறு பாதை இல்லை. படங்கு நனைந்து கனத்தது. காலில் அட்டை கடித்த இடத்தில் ரத்தம் நிற்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு மூன்றாவது காம்பராவைத் தாண்டும்போது, "அக்கா!" என்று குரல் கேட்டது.

ஜெயரூபன் இஸ்தோப்பில் நின்றான். அவன் பக்கத்தில் நரைத்த முடியோடு ஒரு வெள்ளைக்கார அம்மாள்.

"ஒரு நிமிசம் வந்துட்டுப் போக்கா. கொழுந்தெடுக்கிற ஆள ஒருத்தர பாக்கணும்னு காலையிலேருந்து கேட்டுக்கிட்டே இருக்காங்க."

அவள் நடந்திருப்பாள். அதற்குள் அந்த அம்மாள் மழையில் இறங்கி வந்து, ஈரக் கையென்றும் பாராமல் இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். நல்ல மனுஷி என்று முகத்திலேயே எழுதியிருந்தது. அப்படியே உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். வாசலில் விஜயலெட்சுமி செருப்பைக் கழற்றினாள். கம்சலா தரையில் சொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் காட்டினாள். மேலே விளக்கைக் காட்டினாள். அது கூடை என்பதைக் கையால் வட்டம் போட்டு விளக்கினாள். திரையைத் தொட்டுக் காட்டினாள். விஜயலெட்சுமியின் விரலைப் பிடித்து விரிப்பின் தையல் மேல் ஓட்டி, எவ்வளவு நுணுக்கம் பார் என்பது போலப் புருவத்தை உயர்த்தினாள். பிறகு ஜெயரூபனைப் பார்த்து ஏதோ கேட்டாள்.

"கம்மியான செலவுல எவ்வளவு அழகா செஞ்சிருக்காங்க, ஒங்களுக்கும் இப்பிடி ஒரு வீடு இருந்தா நல்லா இருக்கும்லன்னு கேக்குறாங்க," என்றான். கொஞ்சம் பொறுத்து, "ஆமான்னு சொல்லுக்கா," என்றான்.

விஜயலெட்சுமி அவனைப் பார்த்தாள். அவன் பார்வையை எடுத்துக்கொண்டான். அந்த அம்மாள் பதிலுக்காக ஆசையோடு காத்துக்கொண்டிருந்தாள். அவள் என்ன பாவம் செய்தாள்?

"ஆமாங்க," என்றாள் விஜயலெட்சுமி.

அந்த அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேமராவை எடுத்து அவளைத் தனியாக ஒரு படம், கம்சலாவோடு சேர்த்து ஒரு படம் எடுத்தாள். பிறகு அறையை அளப்பது போல இரண்டு கையையும் விரித்து மறுபடி ஏதோ சொன்னாள்.

"வெளிய வாங்க, வெளிய வாங்க," என்று ஜெயரூபன் எல்லாரையும் கிளப்பினான். "ஆள் இல்லாம ஒரு படம் வேணுமாம்."

கம்சலா குசினிப் பக்கம் போனாள். விஜயலெட்சுமி வாசலுக்கு வந்து, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது.

"அங்க நிக்காதக்கா. வெளிச்சம் மறையுது."

அவள் கையை எடுத்தாள். இஸ்தோப்பைக் கடந்து, கூரைத் தண்ணீர் ஊற்றும் இடத்தையும் கடந்து, கானுக்கு அந்தப் பக்கம் போய் நின்றாள்.

"போதுமாடா?" என்று கேட்டாள்.

"இன்னும் கொஞ்சம்," என்றான் ஜெயரூபன்.